மாதா கோயிலுக்குக் காவிப் பட்டை

உங்களுக்கெல்லாம் வீட்டில் வேலை வெட்டியே கிடையாதா? போன வாரம் கல்யாணச் சாப்பாடுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, "லூர்து கல்யாணத்துக்கு நாங்கள் மாதா கோயிலுக்குக் காவி அடித்து வம்பில் மாட்டிக்கொண்டது தனிக் கதை" என்று வாய்தவறி ஒரு வரி சொல்லிவிட்டேன். விட்டீர்களா? முலுண்டிலிருந்து ஓர் அம்மா கார்டு போட்டு, "முழுதும் சொல்லவும்" என்று அடிக்கோடு வேறு இழுத்திருக்கிறார். ஏன் அம்மா, உங்கள் வீட்டுச் சுவருக்கும் காவி அடிக்கப் போகிறீர்களா? தெரிந்து என்ன ஆகப் போகிறது? அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உச்சந்தலை சுடுகிறது.

சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். நடுவில் நான் கத்தினால் பத்திரிகையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்தபடி ஒரு மனிதர்

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அறுபதுகளில் ஏதோ ஒரு வருஷம். மாசி மாத வெயில் என்பது மட்டும் நிச்சயம். டிராம்பே பக்கம், கழிமுகத்தை ஒட்டிய மேட்டின் மேல் ஒரு பழைய மாதா கோயில். அதன் முன்னால் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் நிற்கிறார். கையில் தோல்பை, காலில் முகம் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்ட பூட்ஸ். வாய் திறந்தபடி இருக்கிறது. ஓர் ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் கைவேலையை. கோயில் முகப்பு முழுக்கப் பால் வெள்ளை. அந்த வெள்ளையின் மேல், தரையிலிருந்து கை எட்டின மட்டும், சாண் சாண் அகலத்துக்குக் காவிப் பட்டை. வெள்ளை, காவி, வெள்ளை, காவி. எங்கள் ஊர் அம்மன் கோயில் மதில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து டிராம்பேயில் இறங்கி நின்ற மாதிரி இருந்தது.

பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நான் முன்னால் போனேன்.

போனவளை அங்கேயே நிறுத்திவையுங்கள். நான் எதற்கு அங்கே போனேன் என்று சொல்ல வேண்டாமா?

என் மாரியா, அவள் மாதாவா?

தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள குடியிருப்பில், எனக்கு அடுத்த அறை அந்தோணியம்மாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர், ஒரு நாள் மூட்டைக்கு அடியிலேயே போய்விட்டார். இட்லி சுட்டு விற்று ஒற்றைப் பெண்ணை வளர்த்தாள். அந்தப் பெண்தான் லூர்து.

லூர்துவுக்கு ஐந்து வயசு இருக்கும்போது பெரியம்மை போட்டது. முனிசிபாலிட்டி வண்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று அந்தோணியம்மாளுக்குப் பயம். மூட்டை விழுந்த அன்றைக்குப் புருஷனையும் அப்படித்தான் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்பாள். விடிவதற்குள் பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு இந்த மாதா கோயிலுக்கு ஓடிவிட்டாள். முகப்பு மண்டபத்தில் நல்ல காற்று, ஆள் நடமாட்டம் இல்லை.

அப்போதும் அங்கே காவல்காரன் பாண்டுரங்தான். சர்க்கார் சம்பளம், காக்கி அரைக்கால் சட்டை. அம்மை போட்ட பிள்ளை என்று தெரிந்தும் விரட்டவில்லை. அவன் பெண்சாதி தினமும் ஒரு குடம் தண்ணீரும் மோரும் கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போனாள். நான் தாராவியிலிருந்து வேப்பிலை ஒடித்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். கண்டக்டர் என்னை ஏதோ சாமியாடி என்று நினைத்து உட்கார இடம் பிடித்துக் கொடுப்பான்.

அங்கே அந்தோணியம்மாள் மரத்தால் செய்த மாதாவுக்கு முன்னால் முட்டி போட்டு, "எம் பிள்ள பொழச்சா உம் முன்னால வச்சுத்தான் அவளுக்குத் தாலி ஏறும்" என்று வாக்குக் கொடுத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். பிள்ளை பிழைத்தது. யாரால் பிழைத்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு வராத சண்டை கிடையாது.

"மாதாதான் காப்பாத்துனா" என்பாள் அவள்.

"மாதா வீட்டுல மாரி வந்து வேல பாத்தா" என்பேன் நான்.

பிழைத்தது. முகத்தில் மட்டும் தழும்பு நின்றுவிட்டது. கல்யாண வயசு வந்ததும் அந்தத் தழும்பைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். வந்தான், பார்த்தான், டீயைக் குடித்தான், போனான். இப்படி எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் அடிக்கப் போயிருப்பேன்.

கடைசியில் அம்பர்நாத்தில் ஆலை வேலை பார்க்கிற சேவியர் வந்தான். லூர்து டீ கொடுத்தாள். "இன்னொரு கிளாஸ் கெடைக்குமா?" என்று கேட்டான். அவ்வளவுதான், முடிந்தது.

ஆனால் பையனின் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். "பொண்ணு மொகத்த வெளக்கு வெளிச்சத்துல பாத்தியளா, சூரிய வெளிச்சத்துல பாத்தியளா?" என்று பையனின் அம்மா காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். சாம்பல் புதன் வந்துவிட்டால் வேதக்காரர்களுக்குத் தவக்காலம், ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதுவரை விட்டால் அந்தப் பெரியம்மா ஓதி ஓதியே கலைத்துவிடுவாள். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை என்று நாள் குறித்தோம். வேறு கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்று நான்கூடச் சொன்னேன்.

"வாக்குக் குடுத்த எடத்த மாத்திட்டு, எம் மக தழும்பப் பாக்கும்போதெல்லாம் அந்த வாக்கு எங் கண்ண உறுத்தணுமாக்கா?" என்றாள் அந்தோணியம்மாள். அதற்கு மேல் நான் பேசவில்லை. நானே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவல் என்றால் என்ன?

இப்போது அந்தக் கோயிலைச் சொல்கிறேன். போர்த்துகீசியர் காலத்தில் கட்டியது என்பார்கள். கருங்கல் சுவர், பாதிக்கு ஓடு, பாதிக்கு ஆகாயம். வாசல் நிலைக்கு மேலே கல்லிலே ஒரு சம்மனசு, அதுதான் தேவதூதன், சிறகை விரித்துக்கொண்டு இருக்கும். குண்டுக் கன்னம், பால் குடித்துவிட்டு நிமிர்ந்த பிள்ளை மாதிரி.

முன்னே அதைச் சுற்றி ஊர் இருந்தது. அந்த ஊர்ச் சனங்கள்தான் கோயிலுக்குச் சொந்தக்காரர்கள். ஆலை வருகிறது, கிடங்கு வருகிறது என்று சனங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி அனுப்பிவிட்டார்கள். கோயில் மட்டும் தனியாக நின்றது. வருஷத்துக்கு ஒரு நாள் திருவிழாவுக்கு வந்து பூசை வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள்.

பிறகு ஒரு நாள் சர்க்கார் வந்து வாசலுக்கு மேலே, சம்மனசுக்குப் பக்கத்தில், நீலப் பலகை ஒன்றை மாட்டிவிட்டுப் போனது. 'பாதுகாக்கப்பட்ட சின்னம். சேதப்படுத்தினால் தண்டனை.' அப்போது எனக்கு எழுதப் படிக்க வராது, பாண்டுரங்குக்கும் வராது. யாரோ படித்துச் சொல்லி இரண்டு பேரும் தெரிந்துகொண்டோம்.

பலகை மாட்டின பிறகு கூரை இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஜன்னல் கட்டை யார் வீட்டு அடுப்புக்கோ போனது. ஆடுகள் உள்ளே போய் மழைக்கு ஒதுங்கின. குடிகாரர்கள் சுவரில் பெயர் எழுதினார்கள், சில பேர் அதைவிட மோசமாக எழுதினார்கள். ஒரு சாகேபும் வந்து "அடடா" என்று சொல்லவில்லை. ஆட்டுப் புழுக்கைக்கும் குடிகாரன் பாட்டிலுக்கும் இல்லாத தண்டனை எங்கள் சுண்ணாம்புக்கு வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு, செம்பூர்ப் பக்கத்துப் பாதிரிச் சாமியார் ஒருவர் தொல்பொருள் இலாகாவில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். நெருப்பு மூட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பூச்சரம் சுவரில் கட்டக் கூடாது, மைக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். வெள்ளையடிக்கக் கூடாது என்று யாருமே சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளையடிக்காமல் இருப்பார்கள் என்பது எங்கள் புத்திக்கு எட்டாது. அந்தச் சுவருக்குப் போய் வெள்ளையடிப்பார்கள் என்பது அவர்கள் புத்திக்கு எட்டாது.

நீலம் ஒரு சிட்டிகை

சுண்ணாம்பு என் வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அவருக்குத் தோல் கிடங்கில் வேலை. தோலில் மயிர் கழிய ஊறப் போடுகிற சுண்ணாம்பு அங்கே மலையாகக் கிடக்கும்.

"தோல்ல பட்ட சுண்ணாம்பா அண்ணாச்சி?" என்று அந்தோணியம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"தோல்ல படாதது, தாயி. மாதா மேல சத்தியம்" என்றார் இவர். மாதாவை அவருக்குப் பழக்கமே கிடையாது. தைரியமாகச் சத்தியம் பண்ணினார்.

சுவரில் ஒட்டுவதற்கு வஜ்ரப் பசை கலக்கலாம் என்றேன். எலும்பில் காய்ச்சுகிற பசை கோயிலுக்கு ஆகாது என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். வெறும் சுண்ணாம்பும் வெளுப்புக்கு ஒரு சிட்டிகை நீலமும்தான். அந்தப் பிடிவாதத்தால்தான் நாங்கள் பிழைத்தோம், அது பின்னால் வருகிறது.

வெள்ளிக்கிழமை எங்கள் சால் பெண்கள் நாலைந்து பேர் போய், பாசியைத் தேய்த்து, ஒட்டடை அடித்து, ஆட்டுப் புழுக்கையை வாரி, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த மட்டையால் வெள்ளை அடித்தோம். பாண்டுரங் கதவைத் திறந்துவிட்டு ஏணியையும் பிடித்தான். அவனுக்கும் சந்தோஷம்தான். "பஹுத் அச்சா தீதி, நயா ஹோ கயா" என்றான். புதுசாகிவிட்டதாம்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். வெள்ளை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மொட்டையாக இருந்தது. நெற்றியில் ஒன்றுமில்லாத முகம் மாதிரி. எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் காலையில் கும்பார்வாடாக் குயவர்களிடம் பானைக்குப் பூசுகிற காவி மண் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

"வேதக் கோயிலுக்குக் காவி அடிப்பாவளா, பேச்சியக்கா?" என்று அந்தோணியம்மாள் இழுத்தாள்.

"அம்மன் கோயிலுக்கு அடிக்கோம்லா? மாதா அம்மா இல்லியா?"

யோசித்தாள். பிறகு அவளே மட்டையை எடுத்துக்கொண்டாள். சொன்னால் நம்புங்கள், முதல் பட்டையை இழுத்தது அவள்தான்.

தேள்

இப்போது என்னை நிறுத்திவைத்த இடத்துக்கு வாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக இலாகாவிலிருந்து வந்த அந்தக் கண்ணாடிக்கார சாகேப் வாயை மூடினார்.

"கிஸ்னே கியா யே?" இதை யார் செய்தது என்றார்.

"ஹம் லோக்", நாங்கள்தான் என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

பிறகு பொழிந்தாரே! இந்தியில் ஆரம்பித்து இங்கிலீஷுக்குப் போய்த் திரும்பி இந்திக்கு வந்தார். போலீஸ் என்ற வார்த்தையும் கேஸ் என்ற வார்த்தையும் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதானே, அது புரிந்தது. பாண்டுரங் பக்கம் திரும்பி, சாவியைக் கொடுத்தவன் நீ, உன் வேலை போயிற்று என்றார். பாண்டுரங் இரண்டு கையையும் கூப்பினான்.  அந்தோணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவரை உற்றுப் பார்த்தேன். நெற்றியில் வேர்வையில் கரைந்த திருநீற்றுத் தடம். கண்ணாடியைத் துடைக்கும்போது வாய்க்குள் ஒரு "சிவ சிவா". ஆள் தமிழர்தான் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஆனால் ஆள் இந்தியைவிட்டு இறங்குகிற வழியாகக் காணோம். நம்மிடம் தமிழ் பேசினால் நாம் ஒட்டிக்கொள்வோம் என்று பயம் போல.

"சாமீ! காலுக்குப் பக்கத்துல கருந்தேளு!" என்று கத்தினேன்.

"ஐயையோ, எங்கே, எங்கே?" என்று பூட்ஸோடு ஒரு குதி குதித்தார்.

"தேளு போயிட்டு சாமி. தமிழு வந்துட்டு" என்றேன்.

உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாளே சிரித்துவிட்டாள். அவர் முகம் எங்கள் காவிக்கு மேலே சிவந்துவிட்டது. தமிழர்கள் நிறையக் குடியிருக்கிற மாட்டுங்காக்காரர். தமிழ் வந்தால் கோபம் தணியும் என்று பார்த்தேன். சுகமாகத் திட்ட ஆரம்பித்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேள் எல்லாருமா! இது என்ன உங்காத்துக் கொல்லைச் சுவரா? ப்ரொடெக்டட் மான்யுமெண்ட். ஒரு கல்லைத் தொடப்படாது."

"தொடாம எப்பிடிச் சாமி சுத்தம் பண்ண?"

"யார் உங்களைச் சுத்தம் பண்ணச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. அதான் இத்தன வருசமும் அழுக்காக் கெடந்துது."

"அது அழுக்கில்லைம்மா. அந்தப் பாசி, பழுப்பு, அதெல்லாம் அதோட வயசு. அதைப் போய்த் தேய்ச்சு..." கண்ணாடியைக் கழற்றினார். பொய்யில்லை, கண் கலங்கியிருந்தது. அந்தக் கல் மேல் அந்த மனிதருக்கு உண்மையாகவே பிரியம்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. இத்தனை பிரியத்தை வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தாரே!

"வயசானா குளிக்கப்படாதா சாமி?" என்றேன்.

அந்தோணியம்மாள் எழுந்து வந்து அவர் காலுக்கு முன்னால் நின்றாள். "தப்புன்னா எங் கைய வெட்டுங்கய்யா. திங்கக்கெழம எம் மகளுக்கு இங்கனதான் கல்யாணம். புதன் வந்துட்டா தவக்காலம். தள்ளிப்போட்டா நின்னுரும். அவ மொகத்த..." என்றவள் மேலே சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டாள்.

அவர் உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். பிறகு கதவைப் பூட்டிச் சாவியைத் தோல்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குச் சாயந்தரம் வரேன். இந்தச் சுண்ணாம்பு, காவி, ஒரு பொட்டு இருக்கப்படாது. தண்ணியும் நாரும்தான், இரும்பு படப்படாது. அப்பறமாப் பேசலாம். திறப்பேன்னு நான் சொல்லலை."

ஏணியின் மேலே

ஞாயிற்றுக்கிழமை சால் முழுக்க அங்கே வந்துவிட்டது. கிணறு மேட்டுக்குக் கீழே. குடம் குடமாகக் கை மாற்றி மேலே ஏற்றினோம். தேங்காய் நாரால் தேய்த்தோம். பசை கலக்காத சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி ஓடியது. காவி மட்டும் போவேனா என்றது. கருங்கல்லின் பொடிப்பொடிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் லூர்து வந்து நின்றாள். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு மணப்பெண் வாசல் தாண்டலாமா?

"ஏட்டி, நீ எதுக்கு வந்த? போ வீட்டுக்கு!"

"எங் கல்யாணம்தான பேச்சிப் பெரியம்மா" என்றாள். நாரை எடுத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். மருதாணி வைக்க வேண்டிய கை. சுண்ணாம்பு தின்று, சாயந்தரம் பார்த்தால் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. அம்மையிலிருந்து அவள் பிழைத்து எழுந்த இடம். இங்கேயும் அவள் தோல்தான் போக வேண்டுமா என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடு ஏணியில் ஏறினேன். வாசலுக்கு மேலே, சம்மனசுக்குப் பக்கத்தில் வெள்ளையை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளையடிக்கும்போது நீலப் பலகையைச் சுற்றி மட்டையால் சும்மா ஒரு இழுப்பு இழுத்திருந்தோம், கூர்ந்து பார்க்கவில்லை. இப்போது தண்ணீரை ஊற்றி நாரை வைத்துத் தேய்த்தால், பலகைக்குக் கீழ் மூலையில் என் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு இரும்பு ஆணி. அது எங்கே இறங்கியிருந்தது தெரியுமா? சம்மனசின் சிறகில். அங்கிருந்து ஒரு வெடிப்பு கழுத்து வழியாக ஏறி, அந்தக் குண்டுக் கன்னத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. பாசியும் தூசியும் இத்தனை நாள் அதை மூடியிருந்தன. கழுவினதும் உள்ளே கல், நேற்றுத்தான் உடைந்த மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது.

நான் கையை எடுத்துவிட்டேன். தொட்டால் வலிக்கும் போல இருந்தது.

சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதின பலகை. அதை மாட்டத்தான் அந்தச் சேதம்! எங்கள் சுண்ணாம்பு ஒரு நாள் தண்ணீரில் போயிற்று. இந்த வெடிப்பு எந்தத் தண்ணீரில் போகும்?

சாகேப் வந்தார். கீழேயே நின்று, "காவி போகலையே" என்றார்.

"மேலயும் கொஞ்சம் இருக்கு சாமி. ஏறிப் பாத்துருங்க."

"பரவாயில்லை, இங்கேருந்தே..."

"ஏறுங்க சாமி. ஏணிய நான் பிடிச்சுக்கிடுதேன். விழ மாட்டிய. சர்க்கார் ஆளுல்லா, நீங்களும் ப்ரொடெக்டட்தான்."

பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு ஏறினார். முதலில் எங்கள் சுண்ணாம்பைத் தேடினார். பிறகு தேடுவதை நிறுத்தினார். விரலை அந்த வெடிப்பில் வைத்து, கன்னம் வரைக்கும் கொண்டுபோனார். வெகு நேரம் இறங்கவே இல்லை. என் கை மரத்துப் போயிற்று.

"இது எப்போ..." என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

"பலக வச்ச அன்னிக்கு" என்றேன். "ஏன் சாமி, கேஸு யாரு மேல போடுவிய? ரெண்டு கேஸா, ஒரே கேஸா?"

அவர் அந்த வெடிப்பை மறுபடியும் தடவினார்.

"நாளைக்கு அம்பர்நாத்துல இருந்து போட்டோக்காரர் வாராரு. பொண்ணு மாப்பிள்ளைய இந்த வாசல்ல நிக்க வச்சுத்தான் படம். பலகையும் விழும், ஆணியும் விழும், கன்னமும் விழும்" என்றேன். போட்டோக்காரர் வருவது நிஜம்தான். அதைச் சொன்ன ராகம் மட்டும் என்னுடையது.

இறங்கினார். பூட்ஸைப் போட்டுக்கொண்டார். கயிற்றை முடிச்சுப் போட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு தோல்பையிலிருந்து சாவியை எடுத்து, என்னிடம் இல்லை, பாண்டுரங்கிடம் நீட்டினார்.

"இவன் வேலை?" என்றேன்.

"இவன் என்ன பண்ணினான்? ஒண்ணும் பண்ணலையே" என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு.

அந்தோணியம்மாள் அழுதுகொண்டே அவரைக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் லூர்துவுக்காகவோ மாதாவுக்காகவோ திறந்திருந்தால் காலிலேயே விழுந்திருப்பேன். அவர் திறந்தது ஆணிக்காக.

சாமந்திச் சரம்

திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் குர்லாவில் இறங்கிப் பஸ் பிடித்து வந்தார்கள். சாகேபும் வந்தார். சுவரில் யாராவது கை வைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். போட்டோக்காரர் முக்காலியைப் போட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், சாகேப் என் பக்கத்தில் வந்து மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பலகை மேலே ஒரு பூச்சரம் போட்டுடலாமே?"

"பூச்சரம் கட்டக் கூடாதுல்லா சாமி? எங்கன கட்ட?"

"அதான்... அந்த ஆணி இருக்கே."

கேட்டீர்களா நியாயத்தை! நாங்கள் ஒரு குண்டூசி குத்தக் கூடாத கோயிலில், பூக் கட்ட இடம் எது என்றால் சர்க்கார் அடித்த ஆணி. சரி என்று சாமந்திச் சரத்தை அதிலேயே கட்டினோம். பலகை மறைந்தது, வெடிப்பு மறைந்தது. சம்மனசின் ஒரு கண் மட்டும் பூவுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தது.

மாதாவுக்கு முன்னால் தாலி ஏறியது. சேவியர் முடிச்சுப் போடத் தடுமாறினான், லூர்து தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள். வெளியே வந்ததும் அந்தப் பெரியம்மா சூரிய வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தைப் பார்க்க ஓடி வந்தாள். சேவியர் குறுக்கே நின்று, "பெரியம்மா, கண்ணு கூசும், நெழல்ல நில்லுங்க" என்றான். எனக்கு அவனை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது.

அந்தப் படம் இன்றைக்கும் லூர்து வீட்டில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அதிலேயே அவர்களுக்குப் பின்னால் பட்டை பட்டையாக மங்கலாகத் தெரியும். பேரப்பிள்ளைகள் படம் பழசாகி வந்த கறை என்று நினைக்கிறார்கள்.

போகும்போது சாகேபுக்கு வெற்றிலைப் பாக்கும் வாழைப்பழமும் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், "மழைக்கு முன்னாடி வந்து அந்த மிச்சக் காவியை எடுத்துடணும், பேச்சியம்மா. மறந்துடப்படாது" என்றார். தலையைத் தலையை ஆட்டினேன்.

கேட்டவர்களுக்குச் சொன்னது

தாராவிக்குத் திரும்பினால், சால் வாசலில் கூட்டம். கல்யாணத்துக்கு வராதவர்களுக்குத்தான் எப்போதும் செய்தி அதிகம். போலீஸ் வந்ததாமே, பேச்சியைக் கட்டிவைத்தார்களாமே, அபராதம் போட்டார்களாமே என்று ஆளுக்கு ஒன்று.

"ஒண்ணுமில்லட்டி" என்றேன். "நாங்க அடிச்சத நாங்களே கழுவிட்டோம். கல்யாணம் முடிஞ்சுட்டு."

"கழுவியும் காவி போகலையாமே? மழைக்கு முன்னால போயி எடுக்கணும்னு சாகேபு சொன்னாராமே? போவியளா?"

"ஏம் போவாம? சட்டி, நாரு எல்லாம் ரெடியா வச்சிருக்கேன். நாங்க அடிச்சத எடுக்க நான் போவேன். அவிய அடிச்சத எடுக்க அவிய வரட்டும். அந்தப் பிள்ள செறகுல இருந்து ஆணிய என்னிக்குப் புடுங்குதாவளோ, அன்னிக்கு மொத பஸ்ஸு எனக்குத்தான்."

சட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.